குன்னூரின் குளிர்காலப் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று கணினி மாதிரியால் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் மாதிரி ஒரே ஒரு கோட்டைப் போட்டு "இந்த வழியாகத்தான் வந்தது" என்று காட்டினால், மலைப்பகுதியில் அதை நம்பாதீர்கள்.

காற்றோடு சேர்ந்து போகும் புகை, தூசி, வாயு எல்லாமே டிரேசர்தான், அதாவது காற்று போன வழியைக் காட்டிக்கொடுக்கும் பொருள்தான். வானிலைத் தரவிலுள்ள காற்றின் திசையையும் வேகத்தையும் வைத்துக் கற்பனைத் துகள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வந்த வழி தெரியும். அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் ஹைஸ்பிளிட் என்ற மாதிரியை இணையத்தில் இலவசமாகவே ஓட்டலாம்.

சிக்கல் நம் மலையின் வடிவத்தில் இருக்கிறது. வானிலைத் தரவு நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே மதிப்பைத்தான் தரும். ஒரு டிகிரி தரவில் ஒரு கட்டம் சுமார் 110 கி.மீ. குன்னூர், மேட்டுப்பாளையம், கோவை எல்லாம் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். உயரம் சராசரியாகி, மாதிரியின் குன்னூர் பல நூறு மீட்டர் தாழ்ந்துபோகும். இஆர்ஏ5 என்ற ஐரோப்பிய வானிலைத் தரவின் கட்டம் சுமார் 30 கி.மீ. அப்போதும் பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒன்றிரண்டு கட்டம்தான் கிடைக்கும். காற்று அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு பாய்வதை அது எப்படிக் காட்டும்?

ஜனவரியில் காலை ஏழு மணிக்கு குன்னூரின் லாம்ப்ஸ் ராக் காட்சிமுனையில் நின்று பாருங்கள். சமவெளியின் புகை கீழேயே, மேல்விளிம்பு தட்டையாக, மூடி போட்டதுபோல் கிடக்கும். வெயில் ஏற ஏறச் சரிவுக்காற்று அதைப் பள்ளத்தாக்கு வழியே மேலே தூக்கி வரும். ஆகவே காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மாதிரியைத் தனித்தனியாக ஓட்டுங்கள். துகள் கிளம்பும் உயரத்தைத் தரையிலிருந்து 10 மீட்டர் என்று மட்டும் கொடுத்தால், அது மாதிரியின் தாழ்ந்த தரையிலிருந்து கிளம்பிவிடும். குன்னூரின் உண்மையான உயரமான, கடல்மட்டத்திலிருந்து 1850 மீட்டர் என்றும் ஒருமுறை கொடுங்கள். இரண்டும் வேறு வேறு ஊரைக் காட்டினால் முடிவு சொல்ல அவசரப்படக் கூடாது. கோட்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கான துகள்களை விட்டு, எந்தப் பக்கம் அதிகம் போகின்றன என்று பார்ப்பதே நேர்மையான வழி என்பேன்.

அப்புறம், சரிபார்ப்பு. 1994 அக்டோபரில் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில் ஒரு வாயுவை வேண்டுமென்றே வெளியிட்டு, 17 நாடுகளில் 168 நிலையங்களில் பிடித்து, மாதிரிகளைச் சோதித்தார்கள். நமக்கு அந்தச் செலவில்லாமல் ரேடான் என்ற இயற்கைக் கதிரியக்க வாயு இருக்கிறது. மண்ணிலிருந்து கசியும், கடலிலிருந்து அநேகமாக வராது, 3.8 நாளில் பாதியாகக் குறையும். மாதிரி "அரபிக்கடல் காற்று" என்கிறபோது, காற்று நன்றாகக் கலந்திருக்கும் பிற்பகலிலும் ரேடான் எகிறி நின்றால், அது நிலத்தின் மேல் வந்த காற்று என்று பொருள்; நான் மாதிரியை விட்டு ரேடானை அளந்த கருவியின் பக்கம்தான் நிற்பேன்.