பாய்ஸ்டவுன் யாருக்குக் காலியானது?

சார், வணக்கம்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நீங்கள் முன்பு தாய்லாந்தின் பட்டாயா பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் 2008-இல் முதல்முறை அங்கே போனேன். நான் கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண், என்பதை அதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. கே பார்கள் நிறைந்த பாய்ஸ்டவுன் சந்துக்குள் நுழைந்ததும் தெருவே எனக்காகப் போட்ட மாதிரி இருந்தது. பார் வாசலில் சீருடை போட்ட பையன்கள், சிரிப்பு, ராத்திரி பத்தரைக்கு மேல் ஷோ. அழுகை வந்துவிட்டது.

இந்த ஜனவரியில் என் துணைவருடன் மறுபடி போனேன். பாய்ஸ்டவுனில் ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. இன்னொரு பார் பகுதியான சுனீ பிளாசாவில் அந்தப் பழைய கூட்டமே இல்லை. பக்கத்திலிருக்கும் ஜோம்தியன் கடற்கரைக்குப் போங்கள் என்றார்கள். போனால், நாலைந்து வயதானவர்கள் பீர் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். செல்போன் செயலிகள் எல்லாவற்றையும் கொன்றுவிட்டன என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். போதாததற்கு எங்கு பார்த்தாலும் நம்மூர்க் கூட்டம். யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று துணைவரின் கையைக்கூடப் பிடிக்கவில்லை. தாய்லாந்தில் ஒருபாலினத் திருமணச் சட்டமே வந்துவிட்டது, ஆனால் 2008-இல் எனக்கு இருந்த சுதந்திரம் இப்போது இல்லை. உங்களுக்கும் அப்படித் தோன்றியதா? அங்கே போய்த் திருமணப் பதிவு செய்யலாமா என்றும் யோசிக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ர., சிங்கப்பூர்

*

அன்புள்ள ர.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானும் சமீபத்தில் போய்வந்தேன், அதே ஷட்டர்களைப் பார்த்தேன். கொஞ்சம் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சுதந்திரம் போய்விட்டது என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

முதலில் அந்த வெள்ளைக்காரர் சொன்னதைப் பார்ப்போம். செயலிகள் ஒரு காரணம்தான். கே ஆண்களுக்கான கிரைண்டர் (Grindr) செயலி வந்தது 2009-இல், அதாவது நீங்கள் போனதற்கு அடுத்த வருடம். ஒரு கே ஆணைச் சந்திக்க இப்படி ஒரு தெருவைத் தேடிப் போகவேண்டிய தேவை அதோடு குறைந்தது. ஆனால் பார் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனி, ஹாலந்திலிருந்தும் வந்த ஓய்வூதியக்காரர்கள். 2006, 2007 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 70 பாட், அதாவது தாய்லாந்துப் பணம், வரை கிடைத்தது. பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்த 2016 முடிவதற்குள் அது நாற்பத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. அதே ஓய்வூதியம், அதே மனிதர், ஆனால் கையில் இருக்கும் பாட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. வாரம் நாலு ராத்திரி பாருக்கு வந்தவர் ஒரு ராத்திரி வருவார், அப்புறம் அதையும் விட்டுவிட்டு வீட்டிலேயே பீர் குடிப்பார். இதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம், அதனால் பழி செல்போன்மேல் போகிறது.

இன்னொரு பக்கம் பையன்களும் குறைந்தார்கள். பாய்ஸ்டவுன் வாசலில் சிரித்தவர்களில் பட்டாயாக்காரர் அபூர்வம். அநேகமாக எல்லோரும் இசான், அதாவது வடகிழக்கு. உடோன் தானி, புரிராம், சுரின் என்று மழையை நம்பி நெல் போடும் மாவட்டங்கள். நடவுக்கும் அறுவடைக்கும் ஊருக்குப் போவார்கள், நடுவில் இங்கே வருவார்கள். நம்ம பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் போகிற மாதிரி. 2013-இல் நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி 300 பாட் என்று ஆனது. பட்டாயாவுக்கு வடக்கே லேம் சபாங் துறைமுகம், தெற்கே ரயோங் வரை கார்த் தொழிற்சாலைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இசான் பையன் அங்கே போய் மாதச் சம்பளம், காப்பீடு என்று செட்டிலாகிவிட்டான். கொஞ்ச காலமாகப் பார்களில் கம்போடியா, லாவோஸ், மியான்மரிலிருந்து வந்தவர்கள் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி அடி கொரோனா. 2020-இல் ஒருமுறை மூடினார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி மூடிய இரவு விடுதிகள் முறைப்படி திறக்க 2022 ஜூன் 1 ஆகிவிட்டது. வாடகை கொடுத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் பூட்டி வைக்க எந்த சின்ன பார் முதலாளியால் முடியும்? பாங்காக்கிலும் சுராவோங் சாலையை ஒட்டி இருந்த கே பார் சந்து, சோய் ட்வைலைட், போய்விட்டது. அது கொரோனாவுக்கு முன்பே, 2019-இல் கட்டடங்களை இடிக்க இடத்தை எடுத்துக்கொண்டதால் நடந்தது.

சரி, இதெல்லாம் கணக்கு. நீங்கள் கேட்டது சுதந்திரத்தைப் பற்றி.

2008-இல் உங்களுக்குக் கிடைத்தது உண்மையான சுதந்திரம்தான், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். சிங்கப்பூரில் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவு இருந்த காலம், ஊரில் 377 இருந்த காலம். இரண்டு மணி நேர விமானப் பயணத்தில், 1957-லிருந்து அப்படி ஒரு சட்டமே இல்லாத நாடு. ஆனால் உங்களுக்காகச் சிரித்த அந்தப் பையனுக்கு அந்தச் சந்து என்னவாக இருந்தது என்பதையும் கேட்கவேண்டும் இல்லையா? நானும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவன்தான், இப்போது சாமியார் வேஷம் போட வரவில்லை. அந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பையனுக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. நீங்கள் அவனுக்கு ஒரு கோக் வாங்கிக் கொடுத்தால் அதில் ஒரு பங்கு. அவனை வெளியே அழைத்துப் போவதென்றால் பாருக்கு ஒரு தொகை கட்டவேண்டும், அதை ‘ஆஃப்’ என்பார்கள். மீதி, வாடிக்கையாளர் மனசு வைத்துக் கொடுப்பது. மாதத்துக்கு இத்தனை ஆஃப், இத்தனை டிரிங்க் என்று பல பார்களில் கணக்கு உண்டு. குறைந்தால் பிடித்தம், தாமதமாக வந்தால் பிடித்தம். மேடையில் ஆடுகிறவனுக்கு இடுப்பில் ஒரு எண். பேர் தெரியாவிட்டாலும் எண்ணைச் சொன்னால் மாமாசான், அதாவது பையன்களைக் கவனிக்கும் மேலாளர், கூட்டிக்கொண்டு வருவார். அவர்களில் நிறையப் பேர் கே கூட இல்லை. ஊரில் மனைவி, குழந்தை, டிராக்டர் கடன். இந்தத் தொழில் 1996-ஆம் ஆண்டுப் பாலியல் தொழில் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம். பாருக்குக் கேளிக்கை விடுதி உரிமம் இருக்கும், உள்ளே வேலை செய்கிறவனுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்காது. கொரோனாவில் பார் மூடியபோது வேலையிழப்பு உதவி என்று போய் நிற்க அவர்களில் பலருக்குக் காகிதமே இல்லை. பாலியல் தொழிலாளர்களுக்காக 2004 முதல் நடக்கும் ‘ஸ்விங்’ மாதிரியான அமைப்புகள்தான் அரிசி, சோப்பு என்று கொடுத்தன.

சுனீ பிளாசாவைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். அந்த இடத்துக்காக மட்டும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். பையன்களின் வயது விஷயத்தில் அதற்கு இருந்த கெட்ட பெயர் ஊரறிந்தது, போலீஸ் சோதனைகளும் நடந்தன. அங்கே கூட்டம் குறைந்தது நல்லதுதான்.

முன்பு பாய்ஸ்டவுனில் வேலை பார்த்த ஒருவரை இந்த முறை ஜோம்தியனை ஒட்டிய டோங்டான் கடற்கரையில் பார்த்தேன். உடோன் தானிக்காரர், இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல் வேலை. பழைய நாட்கள் பற்றிக் கேட்டேன். “இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன், குடல் கெட்டுப்போனது” என்றார். ஒவ்வொரு டிரிங்க்குக்கும் கமிஷன் என்றால் ராத்திரி எத்தனை குடிக்கவேண்டியிருக்கும்! திரும்ப அந்தச் சந்து நிரம்பினால் போவீர்களா என்றதற்குச் சிரித்தார். அதே பழைய சிரிப்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜோம்தியன் உங்களை ஏமாற்றிவிட்டது என்கிறீர்கள். எனக்கு இந்த முறை அதுதான் பிடித்தது. ப்ரதும்னாக் குன்றின் ஓரமாக பாட் பஸ் என்கிற ஷேர் வண்டியில் இறங்கி வந்தால் தாப்ரயா சாலையை ஒட்டி அந்த ஜோம்தியன் காம்ப்ளெக்ஸ். பார்களில் மேஜைகள் வெளியே. ஆமாம், வயதானவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என்ன தப்பு? பத்துப் பதினைந்து வருடமாகச் சேர்ந்து வாழும் ஜோடிகள், ஒருவர் தாய்லாந்துக்காரர், ஒருவர் வெளிநாட்டவர், சாயங்காலம் வந்து அரட்டை அடிக்கிறார்கள். பக்கத்து மேஜையில் பாங்காக்கிலிருந்து வார இறுதிக்கு வந்த தாய்லாந்து இளைஞர்கள், அவர்களே காசு கொடுத்துக் குடிக்கிறார்கள். 2008-இல் இவர்களை நீங்கள் பாய்ஸ்டவுனில் பார்த்திருக்க முடியாது. தாய்லாந்து கே ஆண் அங்கே மேடையில் இருந்தான், அல்லது கல்லாவில் இருந்தான். நாற்காலியில் இல்லை.

டோங்டானில் குடைகளுக்குக் கீழே பகல் முழுக்கப் படுத்திருக்கலாம். புதன்கிழமை போவதென்றால் மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள், அன்றைக்குக் கடற்கரையில் குடை, நாற்காலி போட அனுமதி இல்லாமல் இருந்தது. ராணுவ ஆட்சிக் காலத்தில் வந்த ஏற்பாடு. நான் அது தெரிந்தும் ஒரு புதன்கிழமை போய் வெயிலில் வறுபட்டேன்.

நம்மூர்க் கூட்டம் பற்றி எழுதியிருந்தீர்கள். இதுதான் உங்கள் கடிதத்தின் நிஜமான பாரம் என்று நினைக்கிறேன். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று ஆனபிறகு சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் கூட்டம் கூடத்தான் செய்திருக்கிறது. பாங்காக்–பட்டாயா, நாலு ராத்திரி ஐந்து பகல், கோ லார்ன் தீவு, அல்காஸார் ஷோ, இந்தியச் சாப்பாடு சேர்த்து. மாமியார், மருமகள், கைக்குழந்தை என்று குடும்பத்தோடு அல்காஸாரில் உட்கார்ந்து திருநங்கைக் கலைஞர்களின் நடனத்தைப் பார்க்கிறார்கள். முடிந்ததும் வாசலில் காசு கொடுத்து அவர்களோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் ஒரு திருநங்கை பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிற அதே ஆட்கள். ஆனால் ஒரு மாமி ஆடை வேலைப்பாட்டைப் பற்றி ஒரு நடனக்காரரிடம் தமிழிலேயே விசாரித்துக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். அவரும் தாய்லாந்து மொழியிலேயே பதில் சொன்னார், இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்தார்கள்.

2008-இல் நீங்கள் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம் பட்டாயா இல்லை, அங்கே உங்களை யாருக்கும் தெரியாது என்பதுதான். நம் ஆட்கள் வந்ததும் அது போய்விட்டது. பட்டாயாவால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம்மூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் குடும்பஸ்தர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜோம்தியனில் ஒரு மேஜையில் சுத்தமான மதுரைத் தமிழ் கேட்டது. மூன்று பையன்கள், பயமே இல்லாமல் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்துகொண்டு பரோட்டா பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தமிழன் என்று தெரிந்ததும் “அண்ணே, இங்க நல்ல சாப்பாடு எங்க கிடைக்கும்?” என்றார்கள். நீங்கள் யாரைக் கண்டு ஒளிந்தீர்களோ, அந்தக் கூட்டத்தில் இவர்களும் இருந்திருப்பார்கள்.

சட்டம் பற்றி. ஒருபாலினத் திருமணச் சட்டத்தைத் தாய்லாந்து செனட் 2024 ஜூன் 18-ஆம் தேதி நிறைவேற்றி, அது 2025 ஜனவரி 23 முதல் அமலில் இருக்கிறது. முதல் நாளிலேயே நாடு முழுக்க 1,800-க்கும் அதிகமான ஜோடிகள் பதிவு செய்தார்கள். சொத்து, தத்தெடுப்பு, மருத்துவமனையில் கையெழுத்து எல்லாவற்றிலும் கணவன் மனைவிக்குள்ள உரிமைதான். ஆனால் திருநங்கைகளுக்கு அடையாள அட்டையில் இன்னும் ‘திரு’ என்றுதான் இருக்கிறது, அதை மாற்றும் மசோதா 2024-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. 1974-லிருந்து டிஃபனி என்ற திருநங்கைகள் ஷோ நடக்கிற ஊரில், அந்த மேடையில் ஆடுகிறவர்கள் நிலைமை இது. பாலியல் தொழிலாளர் சட்டமும் அப்படியே நிற்கிறது. இவை மாறினால் பட்டாயாவுக்கு எத்தனை பார் திறந்தாலும் கிடைக்காத நன்மை கிடைக்கும்.

உங்கள் திருமணப் பதிவு. வெளிநாட்டவர்களும் செய்துகொள்ளலாம். திருமணம் செய்யத் தடையில்லை என்று உங்கள் இருவரின் தூதரகங்களிடமிருந்தும் காகிதம் வேண்டும், அதைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து அங்குள்ள வெளியுறவுத் துறையில் சான்று வாங்கி, மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். பட்டாயா என்றால் பாங் லமுங் அலுவலகம். ஆனால் அந்தச் சான்றிதழ் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ செல்லாது. சிங்கப்பூர் 377ஏ-வை நீக்கியபோதே திருமண வரையறையைக் காக்க அரசியலமைப்பில் ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கைவிரித்துவிட்டது. சிங்கப்பூர் அரசின் வீட்டு வசதிக் கழக வீடோ விசாவோ இதனால் கிடைக்காது. அதெல்லாம் தெரிந்தும் செய்துகொள்ளவேண்டும் என்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். தூதரகத்தில் அந்தக் காகிதத்தை உங்களுக்குத் தருவார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். விமான டிக்கெட் அப்புறம் போடலாம்.