ராத்திரி மேட்ச் ஆன பெயிண்ட் காலைல ஏன் தனியா தெரியுது?

கேள்வி: சுவர்ல ஆணி பிடுங்கின இடத்துல பட்டி வச்சு, பழைய சாம்பல் கலருக்கு மேட்ச் பண்ணி டச்-அப் அடிச்சேன். ராத்திரி எல்இடி வெளிச்சத்துல வித்தியாசமே தெரியல. காலைல பாத்தா அந்த இடம் மட்டும் லேசா சிவப்பு அடிக்குது. பெயிண்ட் சரியில்லையா, இல்ல என் கண்ணுல கோளாறா?

பதில்: ரெண்டும் இல்லைங்க, மாறினது வெளிச்சம்தான். கண்ணுக்குத் தெரியுற ஒளியோட அலைநீளம் சுமாரா 380ல (ஊதா) இருந்து 750 நானோமீட்டர் (சிவப்பு) வரைக்கும் விரிஞ்சு கிடக்கு, ஆனா அதுல கலர் பிரிச்சுப் பாக்க நம்ம விழித்திரைல இருக்கறது மூணே வகை கூம்பு செல். அவ்வளவு விவரமும் உள்ள போனதும் மூணு நம்பரா சுருங்கிடுது, அதனால ஒளிய முழுக்க வேற மாதிரி திருப்பி அனுப்புற ரெண்டு பெயிண்ட்டுக்கும் அந்த மூணு நம்பர் ஒண்ணா வந்துட்டா நமக்கு அது ஒரே கலர்தான். விளக்க மாத்தினா நம்பர் மாறும், ஜோடி பிரிஞ்சிடும். இதுக்குப் பேரு மெட்டாமெரிசம்.

உங்க பழைய சாம்பல் வெள்ளையும் கருப்பும் கலந்து வந்ததா இருக்கலாம், புதுசுல பச்சை, சிவப்பு நிறமிகளும் சேர்ந்திருக்கலாம். சாதாரண வெள்ளை எல்இடிக்குள்ள இருக்கறது நீல சிப், அதோட உச்சம் 450 நானோமீட்டர் பக்கம், மேல பூசின மஞ்சள் பாஸ்பர்தான் (நீல ஒளிய வாங்கி வேற கலரா வெளியிடுற பூச்சு) மிச்சத்த நிரப்புது. நிரப்பினாலும் 480 பக்கம் ஒரு பள்ளம் விழுந்துடும், 650க்கு மேல இருக்கற ஆழமான சிவப்பு ரொம்பக் கம்மி. புது பெயிண்ட் அந்த சிவப்ப கூடுதலா திருப்பி அனுப்புற ரகமா இருந்தாலும், ராத்திரி அது மேல விழுறதே கொஞ்சம்தானே, அதனால தெரியாது. பகல் வெளிச்சத்துல அது தாராளமா இருக்கு, உடனே காட்டிக்குடுத்துடும். சாம்பல், பீஜ் மாதிரி கலர்லதான் இந்தத் தொல்லை அதிகம், ஏன்னா அதையெல்லாம் பல விதமா கலந்து கொண்டுவர முடியும்.

ஆனா முதல்ல ஒண்ணு செக் பண்ணுங்க. பகல்லயே நேரா நின்னு பாருங்க, அப்புறம் பக்கவாட்டுல சுவர ஒட்டி நின்னு பாருங்க. பாக்குற கோணத்துக்கு ஏத்த மாதிரி திட்டு மறைஞ்சு மறைஞ்சு வந்தா அது பளபளப்பு வித்தியாசம், கலர் பிரச்சினையே இல்ல, அதே ஃபினிஷ்ல வாங்கினா பாதி வேலை முடிஞ்சுது. எப்படிப் பாத்தாலும் சிவப்பு அப்படியே நின்னா மெட்டாமெரிசம்னு எடுத்துக்கலாம்.

பழைய டின்ல மிச்சம் இருந்தா அதுதான் பெஸ்ட். இல்லன்னா, அந்தக் கம்பெனியோட அதே ஷேட் நம்பர், ஏன்னா ஃபார்முலா ஒண்ணா இருந்தா நிறமியும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கும். மெஷின்ல ஸ்கேன் பண்ணி மேட்ச் பண்றாங்கன்னா பகல் ஒளி, எல்இடி ரெண்டுக்கும் சேத்து பாக்கச் சொல்லுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அட்டைல பூசி, நல்லா காயவிட்டு, சுவர்லயே ஒட்டி வச்சு காலைலயும் ராத்திரியும் பாருங்க, ஈரத்துல கலர் வேற மாதிரி தெரியும், அத நம்பாதீங்க. எதுவுமே ஒத்துவரலன்னா அந்த ஒரு சுவர மட்டும் மூலைக்கு மூலை முழுசா அடிச்சிடுங்க, மூலைல வெளிச்சம் விழுற விதமே மாறுறதால சின்ன வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

பல்பு மாத்துற ஐடியா இருந்தா சிஆர்ஐ (அந்த வெளிச்சத்துல கலர் எவ்வளவு இயல்பா தெரியும்னு சொல்ற நம்பர்) 90க்கு மேல பாத்து வாங்குங்க, கூடவே ஆர்9 எவ்வளவுன்னும் கேளுங்க. சிஆர்ஐ நம்பர 8 மங்கலான கலர் மாதிரிய வச்சுத்தான் கணக்கு போடுறாங்க, அடர் சிவப்பு அதுல சேராது, ஆர்9தான் அதச் சொல்லும்.