அந்த ஊசி போட்டிருந்தால் அப்பாவுக்குக் கண் தெரிந்திருக்குமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது, பிரஷரும் சீனியும் இருக்கிறது. போன மாதம் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், வலது கண் திடீரென்று இருட்டிவிட்டது என்றார். வலி இல்லை. பூ விழுந்திருக்கும் என்று நினைத்து மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது, நேரம் கடந்துவிட்டது என்றார்கள். உடனே போயிருந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்று கொழும்பில் இருக்கும் தம்பி சொல்கிறான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மற்றக் கண்ணும் இப்படிப் போகுமா?

பதில்: மகள், உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விக்கே முதலில் வருகிறேன். அன்றே நீங்கள் ஓடியிருந்தாலும் அப்பாவுக்குப் பார்வை திரும்பியிருக்கும் என்று எந்த வைத்தியராலும் உறுதி சொல்ல முடியாது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த ஊசியைப் பற்றி இதுவரை தெரிந்தது அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வந்தது கண்ணில் வந்த பாரிசவாதம். கழுத்துக் குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ புறப்பட்ட சின்னக் கட்டி ஒன்று, மூளைக்குப் போகாமல் விழித்திரைக்குப் போகும் மெல்லிய குழாயில் சிக்கிக்கொள்கிறது. இரத்தம் நின்றால் விழித்திரை அதிக நேரம் தாங்காது. குரங்குகளில் செய்த பரிசோதனைகளில், அடைப்பு சுமார் 4 மணிநேரம் நீடித்தபோது சேதம் மீளாத அளவுக்குப் போய்விட்டது. வலி இல்லாததால்தான் வீட்டில் யாருக்கும் அவசரம் தோன்றுவதில்லை.

தம்பி சொல்லும் ஊசி ஆல்டிப்ளேஸ் போன்ற மருந்து. மூளைப் பாரிசவாதத்தில் நாலரை மணிநேரத்துக்குள் கை நரம்பில் ஏற்றினால் பலன் உண்டு என்பது நிரூபணமானது. கண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஐரோப்பாவில் நடந்து 2010இல் வெளிவந்த ஈகிள் ஆய்வில், மெல்லிய குழாய் விட்டு கண் தமனிக்கே மருந்தைச் செலுத்தினார்கள். வழக்கமான சிகிச்சையைவிடப் பார்வை கூடுதலாகத் திரும்பவில்லை, சிக்கல்கள்தான் அதிகமாயின. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பல மணிநேரம் பிந்தி வந்தவர்கள். அதனால் பிரான்ஸில் நாலரை மணிநேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் ஊசியையும் அஸ்பிரினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிலும் ஊசிதான் மேல் என்று தெளிவாக நிறுவ முடியவில்லை. அன்றாட வேலை முடங்கும் அளவுக்குப் பார்வை போய், நேரத்தோடு வந்தவருக்கு இதை யோசிக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் சொன்னது. அதுவும் சிடி ஸ்கேனில் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான். ஊசியே மூளையில் கசிவை உண்டாக்கலாம் என்பதால் அந்தக் கவனம்.

இனி உங்கள் ஊர்க் கணக்கைப் பாருங்கள். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, ஹட்டன் தாண்டி, கண்டிவரை போக நேர்ந்தால் அந்த நாலரை மணிநேரத்தில் பெரும்பகுதி வளைவுகளிலேயே கரைந்துவிடும். மலையகத்தில் வேலை பார்த்த எனக்கு இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆகவே பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த அடைப்பு வந்தவருக்கு அடுத்த சில வாரங்களில் மூளைப் பாரிசவாதம் வரும் ஆபத்து கூடுதல். மற்றக் கண்ணைவிட எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. கழுத்து இரத்தக்குழாய் ஸ்கேன், ஈசிஜி, இதய ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் அடுத்த கிளினிக் நாள்வரை பார்த்திருக்காமல் இந்த வாரமே கொப்பியோடு போய்க் கேளுங்கள். அஸ்பிரினும் கொழுப்புக் குளிசையும் தந்திருந்தால் ஒரு நாளும் விடக்கூடாது. அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்த வேண்டும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அண்மையில் புதிதாகத் தலைவலி வந்ததா, தலை சீவும்போது தோல் நோகிறதா, வெற்றிலை மெல்லும்போது தாடை வலித்து ஓய்வெடுத்தால் விடுகிறதா? இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றே வைத்தியரைப் பாருங்கள். அது தமனி அழற்சியாக, அதாவது தலைப்பக்க இரத்தக்குழாய்கள் வீங்கும் நோயாக இருக்கலாம். நம்மவர்களில் அரிதுதான், ஆனால் அதற்குரிய ஸ்டீராய்ட் மருந்து தாமதமானால் மற்றக் கண்ணையும் சில நாட்களிலேயே கொண்டுபோய்விடும்.

இனி வீட்டில் யாருக்காவது ஒரு கண் திடீரென்று இருண்டால், திரை விழுந்ததுபோல் மறைத்து ஐந்து நிமிடத்தில் சரியானாலும்கூட, கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. கடைசியாக நன்றாகத் தெரிந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். மூளையில் கசிவு உண்டா என்று தெரியும்வரை வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள், பிரஷர் குளிசையும் மேலதிகமாகக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அப்பாவின் வலது கண்ணை இத்தோடு விட்டுவிட வேண்டாம். அடுத்த மூன்று, நான்கு மாதங்களுக்குக் கண் கிளினிக்கில் தொடர்ந்து காட்டுங்கள். அந்தக் கண்ணில் புதுக் குழாய்கள் முளைத்து அழுத்தம் ஏறலாம். கண் சிவந்து வலித்தால் அன்றே கூட்டிப்போங்கள்.