வாசகர் கேள்விகள்: போட்டி வருகிறது, செலவு யார் தலையில்?

உலக விளையாட்டுப் போட்டிகளை ஒரு நகரம் ஏற்று நடத்துவதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஒலிம்பிக் நடத்த முதலில் ஒரு தொகை சொல்கிறார்கள். முடியும்போது அது இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. ஊழல்தான் காரணமா?

பதில்: ஊழல் நடந்த இடங்கள் உண்டு. ஊழல் இல்லாத இடத்திலும் செலவு எகிறியிருக்கிறது. 1960 முதல் 2016 வரை நடந்த ஒலிம்பிக்குகளை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். விவரம் கிடைத்தவற்றில் ஒன்றுகூடச் சொன்ன தொகைக்குள் முடியவில்லை. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் சராசரியாக 156 சதவீதம் கூடுதல்.

முதல் காரணம், தேதி. வீடு கட்டுகிறவர் சிமென்ட் விலை ஏறினால் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளலாம். தொடக்க விழா பொறுக்காது. இது ஒப்பந்ததாரர்களுக்கும் நன்றாகத் தெரியும். கடைசி ஆண்டில் இரவு ஷிஃப்ட், கூடுதல் கூலி, விமானத்தில் வரும் தளவாடம் என்று கேட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது, உத்தரவாதம். பற்றாக்குறை வந்தால் ஈடுகட்டுவோம் என்று நகரமும் அரசும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதன்பின் சிக்கனமாக இருக்க வேண்டிய கட்டாயம் போட்டியின் உரிமையை வைத்திருக்கும் சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு இல்லை.

மூன்றாவது, முதல் மதிப்பீட்டில் எதைச் சேர்க்கவில்லை என்பது. லண்டன் 2012 போட்டியின் அரசுச் செலவு 2007 மார்ச்சில் 932 கோடி பவுண்டாகத் திருத்தப்பட்டது. அதில் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி மட்டும் 80 கோடிக்கு மேல். எதிர்பாராச் செலவுக்கென 270 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள். கடைசியில் ஏறத்தாழ 877 கோடியில் முடிந்தது. ‘பட்ஜெட்டுக்குள் முடித்தோம்’ என்று அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் அது 2007ஆம் ஆண்டு பட்ஜெட். 2005இல் நடத்தும் உரிமை கேட்டுப் போட்டியிட்டபோது சொன்ன தொகை இதில் பாதிகூட இல்லை. ஆகவே மதிப்பீட்டைப் பார்த்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டு விலையில் போட்டது? வரி சேர்ந்ததா? காவல், பாதுகாப்பு சேர்ந்ததா? எதிர்பாராச் செலவுக்கு எத்தனை சதவீதம்?

1976இல் நடத்திய மான்ட்ரியாலுக்கு மிஞ்சியது ஏறத்தாழ 150 கோடி கனடிய டாலர் கடன். புகையிலை வரி வசூலையும் போட்டு அடைத்தார்கள். அது முடிந்தது 2006இல்!

கேள்வி: லாபம் பார்த்த நகரமே இல்லையா? வேண்டாம் என்று பாதியில் விலகினால் என்ன ஆகும்?

பதில்: லாஸ் ஏஞ்சலஸ், 1984. உபரி 20 கோடி டாலரைத் தாண்டியது. அப்போது அந்தப் போட்டியை நடத்த வேறு நகரம் முன்வரவில்லை; அதனால் நிபந்தனை பேசும் பலம் நகரத்திடம் இருந்தது. நகரத்தின் வரிப்பணத்தைச் செலவிடக் கூடாது என்று வாக்காளர்கள் 1978இலேயே தீர்ப்பளித்திருந்தார்கள். உத்தரவாதத்தில் நகரம் கையெழுத்திடவில்லை. ஏற்கெனவே இருந்த அரங்குகளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள்.

விலகுவதும் இலவசமல்ல. 2026 காமன்வெல்த் போட்டியைப் பல சிறு நகரங்களில் பிரித்து நடத்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது. நகரத்துக்கு நகரம் வீரர் குடியிருப்பு, அரங்கு, போக்குவரத்து என்று எல்லாமே பல மடங்கானது. 2023 ஜூலையில் விலகியது. இழப்பீடு மட்டும் 38 கோடி. ஒரு பந்தயமும் நடக்காமலே மொத்தம் 58.9 கோடி செலவானதாக அம்மாநிலத் தணிக்கையாளர் கணக்கிட்டார். போட்டியைக் கையிலெடுத்த ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம், விளையாட்டுகளைப் பத்தாகவும் இடங்களை நான்காகவும் சுருக்கிக்கொண்டது. எங்களைக் கேட்டால், எல்லா நகரங்களும் முதலிலேயே இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: அரங்க நெரிசலில் சாவு என்றால் கூட்டம் கட்டுப்பாடு இழந்துவிட்டது என்றே செய்தி வருகிறது. உண்மையில் என்ன நடக்கிறது?

பதில்: அந்தச் சொல்லே பழியைப் பார்வையாளர்மேல் போடுகிறது. பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் வாசலின் அகலமும் நேரக் கணக்கும்தான்.

பிரிட்டனின் விளையாட்டு அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்வாயில் ஒன்றின் வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 60,000 பேர் ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் வந்தால் 91 சுழல்வாயில்கள் தேவை. பத்து பழுதானால், பையைச் சோதிக்க ஓர் ஆளுக்குச் சில விநாடி கூடினால், வரிசை வெளியே தேங்கும். வெளியேறும்போது சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். எட்டு நிமிடத்தில் அரங்கம் காலியாக வேண்டுமென்றால் 60,000 பேருக்குச் சமதளத்தில் சுமார் 92 மீட்டர், படிக்கட்டு வழியென்றால் 114 மீட்டர் மொத்த அகலம் வேண்டும். பூட்டிக் கிடக்கும் கதவு இந்தக் கணக்கில் வராது. வழியை அடைத்து நிற்கும் கடையும் வண்டியும் அகலத்தைத் தின்றுவிடும்.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கம். நின்று பார்க்க வந்த பத்தாயிரம் பேருக்கு ஏழே சுழல்வாயில்கள். வெளியே நெரிசல் முற்றியதும் போலீஸ் பெரிய கதவைத் திறந்தது. ஆனால் நேரே எதிரில் இருந்த சுரங்கப்பாதையை மூடவில்லை. கூட்டம் முழுவதும் ரசிகர்கள் நின்று பார்க்கும், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் 97 பேர். குற்றம் ரசிகர்களுடையது அல்ல என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 வரை ஆனது. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கன்ஜுருஹான் அரங்கில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியதும் மக்கள் குறுகிய வாசல்களை நோக்கி ஓடினார்கள். 135 பேர் மாண்டார்கள். ஆட்டத் திடலில் கண்ணீர்ப்புகையே கூடாது என்பது ஃபிஃபாவின் விதி.

ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை சமாளிக்கலாம். ஆறு ஏழானால் மனிதர் தம் விருப்பப்படி நகர முடியாது, கூட்டம் அலையாகத் தள்ளும். பெரும்பாலும் சாவு மிதிபட்டு வருவதல்ல. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சுத் திணறி வருவது. அப்படி மாட்டிக்கொண்டால் முன்கைகளை மடித்து நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். கீழே விழுந்த செருப்பை, கைபேசியை எடுக்கக் குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ள வேண்டாம். ஓர் அலை அடங்கும் இடைவெளியில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள், ஆனால் சுவரையோ கம்பித் தடுப்பையோ ஒட்டி நிற்காதீர்கள்.

கேள்வி: கடும் வெயிலில் போட்டி நடந்தால் எந்த அளவுக்கு மேல் நிறுத்த வேண்டும்?

பதில்: நிழலில் எடுக்கும் சாதாரண வெப்பநிலை மட்டும் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் (ஈரக்குமிழ்) அளவு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்குள் வைத்த மானியின் அளவு 20, சாதாரண மானியின் அளவு 10 என்று கலந்து கணக்கிடும் டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவுதான் பயன்படுகிறது. ஈரப்பதத்துக்கு அதிக இடம் கொடுப்பதற்குக் காரணம், வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது என்பதே. கால்பந்தில் இது 32 டிகிரியைத் தாண்டினால் குளிர்ச்சி இடைவேளை விடுகிறார்கள். தோஹாவில் 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் சாதாரண மானியில் 32 டிகிரிக்கு மேல் வெப்பம், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானைச் சர்வதேச ஒலிம்பிக் குழு குளிரான சப்போரோவுக்கு மாற்றியது இதைப் பார்த்த பிறகுதான்.

வெப்பத்தாக்கில் ஒருவர் விழுந்து பிதற்றினால் மருத்துவக் குழுவின் வரிசை: முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆம்புலன்ஸ். ஆசனவாய் வழியாக வெப்பம் பார்ப்பார்கள். நெற்றி, அக்குள் அளவு ஏமாற்றும். 40 டிகிரிக்கு மேல் என்றால் பனிக்கட்டி போட்ட தொட்டியில் கழுத்துவரை இறக்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்து, 39க்குக் கீழ் வரும் தருவாயில் வெளியே எடுப்பார்கள். விழுந்து அரை மணி நேரத்துக்குள் இது முடிய வேண்டும். தொட்டியும் பனிக்கட்டியும் பந்தயம் முடியும் இடத்திலேயே தயாராக இருக்கின்றனவா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்குக்காக நதியைச் சுத்தம் செய்ய அவ்வளவு செலவழித்தும் நீச்சல் ஏன் தள்ளிப்போனது?

பதில்: மழை. பழைய பாரிஸில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் அது நிரம்பி ஸீன் நதியில் வழியும். 140 கோடி யூரோ திட்டத்தில் 50,000 கன மீட்டர் கொள்ளும் தேக்கத் தொட்டியும் கட்டினார்கள். 2024 ஜூலை 26 தொடக்க விழாவன்று கொட்டிய மழைக்கு அது போதவில்லை. 30ஆம் தேதி நடக்கவிருந்த ஆண்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) மறுநாளுக்குப் போனது. 100 மில்லி நீரில் கழிவு கலந்ததைக் காட்டும் கிருமிகளில் ஈ.கோலி 1,000, என்டரோகாக்கை 400 என்பதே மேல்வரம்பு. கிருமியை வளர்த்து எண்ணும் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால், காலையில் கையில் வரும் முடிவு நேற்றைய தண்ணீருடையது. மாற்று நாளும் மாற்று இடமும் இல்லாமல் நதியில் பந்தயம் வைக்கக் கூடாது.

கேள்வி: குழந்தையுடன் போட்டி பார்க்கப் போகிறோம். தொற்றுக்கு எப்படித் தயாராவது?

பதில்: ரியோ 2016 ஒலிம்பிக்குக்கு முன் கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் பயம் பெரிதாக இருந்தது. போட்டிக்கு வந்தவர்களில் உறுதியான தொற்று இருந்ததாக உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் வரவில்லை. சத்தமில்லாமல் வருபவைதான் தொல்லை. தென்கொரியாவின் பியோங்சாங்கில் 2018 குளிர்கால ஒலிம்பிக்கில், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் பரவி 1,200 பாதுகாவலர்களை விலக்கி வைத்து, 900 ராணுவத்தினரை அழைத்தார்கள். நோரோவைரஸுக்குக் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தை நம்ப முடியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 20 விநாடி கழுவுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் முடிந்ததா என்று உங்கள் அட்டையையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும் என்பதால், புறப்பட ஆறு வாரம் இருக்கும்போதே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு தவணை போடலாமா என்றும் அவரிடமே கேளுங்கள். ஆறு மாதம் முடிந்திருந்தால் பயணத்துக்காகப் போடுவது உண்டு, ஆனால் அது வழக்கமான இரண்டு தவணைக் கணக்கில் சேராது.