கதையைத் திருப்பிச் சொன்னால் மார்க் வராது: ஆங்கில இலக்கியம் படிக்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், உங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசைப்பட்டுச் சேர்ந்த பெண். இப்போது இன்டர்னல் தேர்வில் மார்க் குறைகிறது. விடைத்தாளில் அவளுடைய பேராசிரியை, "கதையை மட்டும் எழுதியிருக்கிறாய், அலசல் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்தக்காரர்களோ, "அப்பவே பி.காம். சேர்த்திருக்கலாமே" என்கிறார்கள். கோர்ஸை மாற்றிவிடலாமா, இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரக் கதைகளைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்.

கோர்ஸை மாற்ற வேண்டாம். இத்தனை நாள் படித்ததும் கட்டிய பணமும் வீணாகும் என்பது ஒரு காரணம். அதைவிட, அவளுக்கு இருக்கும் சிக்கல் பாடத்தில் இல்லை, படிக்கும் விதத்தில் இருக்கிறது. அந்தச் சிவப்பு மை வரியைச் சொந்தக்காரர்கள் பேச்சைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்தால் மார்க்கும் வரும், பின்னால் வேலைக்கும் அதுவே கைகொடுக்கும். சரிசெய்யாமல் மூன்று வருஷமும் கைடை மனப்பாடம் செய்தே டிகிரி வாங்கினால், சொந்தக்காரர்கள் சொன்னது பலித்துவிடும். மழுப்ப விரும்பவில்லை, அதனால் நேராகவே சொல்கிறேன்.

அலசல் என்று பேராசிரியை எதைக் கேட்கிறார்? அவள் பாடத்திட்டத்தில் இருப்பதாக நீங்கள் எழுதிய ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலையே எடுத்துக்கொள்வோம். 1813இல் வெளிவந்தது. அதில் ஐந்து பெண்களைப் பெற்ற மிஸஸ் பென்னெட் என்ற அம்மா வருகிறார். எப்போது பார்த்தாலும் மாப்பிள்ளைப் பேச்சு, புலம்பல், "என் நரம்பெல்லாம் துடிக்குது" என்று படுக்கை. கைடுகளில் இவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கும்: அசட்டுத்தனமான, வாயாடியான பெண்மணி. மாணவர்கள் அப்படியே எழுதுவார்கள். அது பொய்யும் இல்லை. முதல் அத்தியாயத்தின் கடைசியில் கதைசொல்லியே அவருக்கு அறிவு மட்டு என்று சொல்லிவிடுகிறார்.

கதைசொல்லி சொன்னதோடு நிற்காமல் அந்த வீட்டின் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து வருஷம் இரண்டாயிரம் பவுண்டு வருமானம். ஆனால் ஆண் வாரிசு இல்லாததால், அப்பா கண்ணை மூடினால் நிலமும் வீடும் மிஸ்டர் காலின்ஸ் என்ற தூரத்து உறவுக்காரருக்குப் போய்விடும். எப்படியும் ஒரு மகன் பிறப்பான், சொத்து நிலைக்கும் என்று நம்பிய அப்பா ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு, இரண்டாவது மகளும் கதையின் நாயகியுமான எலிசபெத்தின் பங்காக வரப்போவது ஆயிரம் பவுண்டு மட்டும். அதையும் கல்யாணப் பேச்சு பேச வந்த காலின்ஸே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிக்காட்டுகிறார். இந்தக் குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பதென்றால் அக்காலத்தில் பணக்கார வீடுகளில் கவர்னஸாக, அதாவது அங்கேயே தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவராக, இருப்பது தவிர மரியாதையான வழி அதிகம் இல்லை.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். அந்த வீட்டில் நாளைக்கு என்ன ஆகும் என்று கவலைப்படும் ஒரே ஆள் யார்? கதைசொல்லி கேலி செய்யும் அந்த அம்மாதான். நூலகத்தில் உட்கார்ந்து நக்கலடிக்கும் அப்பாவை வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழித்தவர் அவர்தான். "கதைசொல்லியின் குரல் மிஸஸ் பென்னெட்டைப் பார்த்துச் சிரிக்கிறது, கதையின் நிகழ்ச்சிகளோ அவருடைய பயம் நியாயமானது என்று காட்டுகின்றன" என்று மகள் எழுதி, மேலே சொன்ன கணக்கைச் சான்றாக வைத்தால் அது அலசல். இதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டாம், கண் திறந்து படித்தால் போதும். (பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதும் அம்மாக்களை நான் ஏன் கேலி செய்வதில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

இதே நாவலில் இன்னொரு பெண், எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகஸ். வயது 27, பெரிய அழகி இல்லை, கையில் பணம் இல்லை. எலிசபெத் வேண்டாம் என்று தள்ளிய அதே காலின்ஸைச் சில நாட்களுக்குள் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கிறாள். நிச்சயமானதும் அவளுடைய அம்மா, மிஸ்டர் பென்னெட் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பிக்கிறார். தம்பிகளுக்கோ, அக்கா கல்யாணமாகாமலே நின்றுவிடுவாளோ என்ற பயம் தீர்ந்தது. 'பணத்துக்காகக் கல்யாணம் செய்துகொண்டவள்' என்று கைடு இவளை ஒரு வரியில் முடித்துவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு எலிசபெத் அவளைப் பார்க்கக் கென்ட் மாவட்டத்துக்குப் போகிறாள். அங்கே சின்னதாக ஒரு விஷயம் வருகிறது, அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. வீட்டில் வெளியே பார்க்க இதமான, பெரிய அறை ஒன்று இருக்க, ஷார்லட் பின்பக்கத்து அறையில்தான் உட்காருகிறாள். ஏன் என்று முதலில் எலிசபெத்துக்குப் புரியவில்லை. பிறகு பிடிபடுகிறது. காலின்ஸின் படிப்பறை சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. வருகிற போகிற வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே இருப்பார். மனைவியின் அறையும் அதே மாதிரி சுவாரசியமாக இருந்தால் இங்கே வந்து உட்கார்ந்துகொள்வார். அவரைத் தோட்ட வேலை செய்யச் சொல்லி உற்சாகப்படுத்துவதும் ஷார்லட்தான், உடம்புக்கு நல்லதாம்.

ஒரு அறையைத் தேர்ந்தெடுத்ததை வைத்தே ஒரு கல்யாணத்தை முழுதாகக் காட்டிவிடுகிறார் ஆஸ்டின். ஷார்லட் ஏமாறவில்லை, அழவும் இல்லை. தான் கொடுத்த விலை என்ன என்று அவளுக்குத் தெரியும், அதற்குள் தனக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிக்கொண்டாள். ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது அவள் நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்புச் சொல்வதைவிட, எங்கே உட்காருகிறாள், எதற்குப் பேசாமல் இருக்கிறாள், அவள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்த்தால் எழுத நிறையக் கிடைக்கும்.

கருப்பொருள் விஷயத்திலும் பிள்ளைகள் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். 'இந்த நாவலின் கருப்பொருள் திருமணம்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். அது தலைப்பு மட்டும்தான். திருமணத்தைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். உதாரணமாக: 'சொத்துரிமை இல்லாத பெண்ணுக்குக் காதல் கல்யாணம் என்பது அதிர்ஷ்டம், ஷார்லட்டின் கல்யாணமே நடைமுறை.' இதை ஒருவர் மறுத்து வாதாடலாம். மறுக்க இடம் இருந்தால்தான் அது வாதம். நாவலிலிருந்து இரண்டு மூன்று இடங்களைக் காட்டி அதை நிறுத்திவிட்டால் பதினைந்து மார்க் கேள்விக்குப் பதில் ஆயிற்று.

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம் பார்த்திருப்பீர்கள். 2000இல் வந்த அந்தப் படம், 1811இல் வெளியான ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைத் தழுவியது. வீட்டை இழந்து மூன்று மகள்களோடு சென்னைக்கு வரும் அம்மாவின் கதை நமக்கு அந்நியமாகப் படவே இல்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். நாவலில் இருந்து எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அவளை யோசிக்கச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி. ஆனால் படம் நாவலுக்கு மாற்று இல்லை. ஷார்லட்டின் பின்பக்கத்து அறையைப் போன்ற இடங்கள் எழுத்தில்தான் கிடைக்கும்.

கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சிபாரிசு செய்வது டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. 1860 டிசம்பரிலிருந்து வாரத் தொடராக வந்த நாவல். கொல்லன் வீட்டில் வளர்ந்த பிப் என்ற பையன், யாரோ கொடுத்த பணத்தில் லண்டனுக்குப் போய்ப் பெரிய மனிதனாகிறான். அவனை வளர்த்த ஜோ அவனைப் பார்க்க வருகிறார். பணம் கொடுத்து ஜோவை வரவிடாமல் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப் வெளிப்படையாகச் சொல்கிறான். ஜோவுக்குத் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார், அது விழுகிறது, எடுத்து வைக்கிறார், மறுபடி விழுகிறது. பிப்பை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அடுத்த முறை 'சார்' என்கிறார். இதைச் சொல்பவன் வளர்ந்துவிட்ட பிப் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு வெட்கப்பட்டவனும் இன்றைக்கு அந்த வெட்கத்துக்காக வெட்கப்படுபவனும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறார்கள். விடைத்தாளில் இதை எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

கதையை யார் சொல்கிறார் என்ற கேள்வியை எமிலி பிரான்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலிலும் (1847) கேட்க வேண்டும். அங்கே பெரும்பகுதியைச் சொல்வது நெல்லி என்ற வேலைக்காரப் பெண். அவளுக்கென்று விருப்பு வெறுப்பு உண்டு. கதையின் நாயகன் ஹீத்கிளிஃபைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அவள் வாய்வழி வந்தது. எம்.ஏ. போகும்போது, அதே 1847இல் வந்த 'ஜேன் அய்ர்' நாவலில் மாடியில் பூட்டி வைக்கப்பட்ட ஜமைக்காப் பெண் பெர்த்தாவின் கதையை ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்ற பெயரில் ஏன் எழுதினார் என்று பார்க்கலாம். இப்போதைக்கு அவசரமில்லை.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வேலை.

பி.ஏ. ஆங்கிலம் மட்டும் முடித்தவர்களை அழைத்து வேலை கொடுக்கக் கம்பெனிகள் வரிசையில் நிற்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் கதவுகள் உண்டு. பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியர் ஆவது எல்லோருக்கும் தெரிந்த வழி. பட்டதாரி ஆசிரியருக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, எம்.ஏ., பி.எட். இரண்டும் இருந்தால் முதுகலை ஆசிரியருக்கான டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு. கல்லூரி வேலை என்றால் எம்.ஏ.வில் பொதுப்பிரிவுக்கு 55 சதவீதம் வேண்டும், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். நெட் தேர்வு மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, 300 மார்க், தவறான விடைக்குக் கழிப்பு இல்லை. எந்தப் பாத்திரம் எந்த நாவல், யார் சொல்லும் கதை, எது முதலில் வெளிவந்தது என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். கதைச் சுருக்கம் படித்தவர்கள் அங்கே திணறுவார்கள்.

சிவில் சர்வீஸ் ஆசை அவளுக்கு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் ஆங்கில இலக்கியம் ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள்களுக்கும் சேர்த்து 500 மார்க். நூல்களை நேரடியாகவும் விமர்சன நோக்கோடும் படித்திருக்கிறார்களா என்று சோதிப்பதே நோக்கம் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யின் பட்டதாரித் தேர்வுகள் பெரும்பாலானவற்றுக்கு எந்த டிகிரியும் போதும். மூன்று வருஷ எல்.எல்.பி.யும் உண்டு. ஒரு ஷரத்தில் 'அல்லது' எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழகிய கண்ணுக்குச் சட்டம் நல்ல துறை, இந்தப் பிள்ளைகள் ஏனோ அதை நினைத்தே பார்ப்பதில்லை.

தனியார் பக்கம் வந்தால், சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் புத்தகங்களையும் ஆய்விதழ்களையும் செம்மைப்படுத்திக் கொடுக்கும் நிறுவனங்கள் இயங்குகின்றன. காப்பி எடிட்டிங், ஆன்லைன் பாடங்களுக்கு உள்ளடக்கம் எழுதுவது, சப்டைட்டில் என்று வேலை பல விதம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. நேர்காணலில் டிகிரிச் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பத்தியைக் கையில் கொடுத்து, இதில் என்ன தவறு, ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பார்கள். ஷார்லட் ஏன் அந்த அறையில் உட்கார்ந்தாள் என்று யோசிக்கப் பழகியவளுக்கு அந்தப் பத்தி பயமுறுத்தாது.

சரி, இப்போது என்ன செய்வது? கைடைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன், செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் அது தேவைப்படும். ஆனால் மூலநூலை முதலில் படிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த இந்த நாவல்கள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும், போனிலேயே படிக்கலாம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நோட்டில் மூன்று வரி: யார் என்ன செய்தார், அது ஏன் ஆச்சரியமாக இருந்தது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது. கதைச் சுருக்கம் எழுதவே கூடாது. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டாம் அம்மா. ராத்திரி அவள் சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு அந்தக் கதையில யாரு யாரை ஏமாத்துனா, பணம் யாரு கையில இருக்கு?" என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழில் வாதாடத் தெரிந்தால் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம்.

அந்த இன்டர்னல் விடையை அவள் ஒருமுறை திருப்பி எழுதி, பேராசிரியையிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டட்டும். சிவப்பு மையில் அந்த வரியை எழுத நேரம் ஒதுக்கியவர், திருத்தி எழுதியதைப் படிக்கவும் ஒதுக்குவார். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர சி.யு.இ.டி. முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதே தேர்வுதான். அந்த அறிவிப்பை அவள் மூன்றாம் ஆண்டில் கவனித்தால் போதும். அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அவளே எழுதட்டும். கூடவே அந்தத் திருத்திய விடைத்தாளின் நகலையும் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.