விடிய விடியப் பாடிய கதையில் வேண்டிய இடத்தைத் தேடுவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவில் நடந்த வில்லுப்பாட்டை இரவு முழுவதும் பதிவு செய்தேன். ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. நாட்டுவளம் பாடிய இடத்தையோ, நடுவில் சாமியாடுவதற்காகப் பாட்டை நிறுத்திய இடத்தையோ கேட்க விரும்பினால், முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. கணினியில் ஆடாசிட்டி மென்பொருள் உள்ளது. எளிய வழி உண்டா?
– தோவாளையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உண்டு. ஒலித் தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றில் மார்க்கர் என்றும், ஆடாசிட்டியில் லேபிள் என்றும் அழைக்கப்படும் குறிகளைப் பதிவின் மேல் இட்டு வைப்பதுதான் அந்த வழி. ஒலியை அவை சிறிதும் மாற்றுவதில்லை. புத்தகத்தில் பக்க அடையாளம் வைப்பது போல, இன்ன நேரத்தில் இன்னது வருகிறது என்று மட்டும் காட்டுகின்றன. வில்லுப்பாட்டைப் பதிவு செய்தவருக்கு இதில் ஒரு வசதி உள்ளது. எந்த இடங்களில் குறியிடலாம் என்பதைக் கலையின் மரபே வகுத்துத் தந்திருக்கிறது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், அதன்பின் கதை, இறுதியில் வாழி என்னும் வரிசையை அறிந்தவர் பதிவைத் திறக்கும் முன்பே தம் குறிகளின் பெயர்ப் பட்டியலைத் தாளில் எழுதிவிடலாம்.

விண்டோஸ் கணினியில் பதிவை ஓடவிட்டு, வேண்டிய இடம் வந்தவுடன் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி எம் விசையைத் தட்டுங்கள். அலைவடிவத்துக்குக் கீழே புதிதாக ஒரு லேபிள் தடம் தோன்றி, அந்த நொடியில் ஒரு சிறு கொடி நிற்கும். உடனே பெயரைத் தட்டெழுதலாம். எழுதி முடித்ததும் என்டர் விசையை அழுத்த மறக்க வேண்டாம். அழுத்தாவிட்டால், பதிவை நிறுத்துவதற்காக நீங்கள் தட்டும் ஸ்பேஸ் விசை பெயருக்குள் ஓர் இடைவெளியாகவே விழும். பதிவு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் பலரும் மென்பொருள் பழுதாகிவிட்டது என்று எண்ணுவது இந்த இடத்தில்தான். பதிவு ஓடாமல் நிற்கும்போது, அலைவடிவத்தில் நீங்கள் சொடுக்கிய இடத்தில் குறியிடக் கண்ட்ரோலுடன் பி விசை போதும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இதே விசைகளைத் தட்டினால், தொடக்கமும் முடிவும் கொண்ட நீளக் குறி கிடைக்கும். சாமியாட்டம் நடந்த நேரத்தைக் காட்ட இந்த நீளக் குறியே பொருத்தமானது.

பெயரிடுவதையும் குறியிடுவதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம் என்பது என் அனுபவம். முதல் தடவை கேட்கும்போது குறியை மட்டும் இட்டு, ஓர் எண்ணையோ எழுத்தையோ எழுதிவிட்டு நகருங்கள். முழுவதும் கேட்டு முடித்தபின் எடிட் மெனுவில் லேபிள்களைத் திருத்தும் அட்டவணையைத் திறந்தால், எல்லாக் குறிகளும் நேர வரிசையில் நிற்கும். அங்கே அமைதியாகத் தமிழில் பெயர் எழுதலாம். பெயரில் 'பாட்டு 1', 'பாட்டு 2' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது. பாடியவர் வில்லுக்கு வலப்பக்கம் இருந்தவரா இடப்பக்கம் இருந்தவரா, கதையில் எந்தக் கட்டம், பாட்டா வசனமா என்பவற்றைச் சுருக்கமாகவேனும் எழுதுங்கள்.

ஆறு மணி நேரத்தையும் முழுமையாகக் கேட்டுத்தான் குறியிட வேண்டுமா என்றால், கேட்பதே நல்லது. ஆனால் அலைவடிவத்தைப் பார்க்கப் பழகிய கண் பாதி வேலையைக் குறைத்துவிடும். வீசுகோல் வில்லின் நாணில் விழ, குடமும் உடுக்கையும் சேர்ந்து முழங்கும் இடம் அடர்ந்த பட்டையாகத் தெரியும். தலைமைப் பாடகரான புலவர் வசனமாகக் கதை சொல்லும் இடத்தில் பட்டை மெலிந்து, சொற்களுக்கு இடையே இடைவெளிகள் தென்படும். அடர்த்தி மாறும் ஒவ்வோர் எல்லையிலும் நின்று கேட்டுக் குறியிட்டுக்கொண்டே போகலாம். ஒலியையும் மௌனத்தையும் பிரித்துத் தானாகவே லேபிள் இடும் கருவியொன்று ஆடாசிட்டியில் இருக்கிறது. தனியறையில் எடுத்த பேட்டிக்கு அது ஓரளவு உதவும். ஒலிபெருக்கியும் கூட்டத்தின் இரைச்சலும் கலந்த கொடைப் பதிவில் மௌனமே இல்லையாதலால், அதை நம்ப வேண்டாம்.

குறிகள் தயாரானபின் ஆல்ட் விசையுடன் வல அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த குறிக்கும், இட அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய குறிக்கும் செல்லலாம். ஆடாசிட்டியில் பதிப்புக்குப் பதிப்பு மெனுக்களின் இடம் சிறிது மாறுவதுண்டு. ஆயினும் லேபிள் என்ற சொல்லைத் தேடினால் வேண்டியது அகப்படும். ரீப்பர் என்னும் ஒலித் தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் எம் விசையால் மார்க்கர் இட்டு, சதுர அடைப்புக்குறி விசைகளால் முன்னும் பின்னும் செல்லலாம்.

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரின் மூத்த பெண்களிடம் பேசிப் பதிவு செய்து, அவர்கள் சொன்ன செய்திகளுக்கெல்லாம் லேபிள் இட்டிருந்தேன். பின்பு இருமலையும் சாலையில் சென்ற வாகனங்களின் ஒலியையும் வெட்டி எடுத்தேன். இப்போது லேபிள்கள் வேறு இடங்களைக் காட்டுகின்றன. பட்ட பாடெல்லாம் வீணாயிற்றா?
– குளச்சலிலிருந்து ஒரு வாசகி

பதில்: வீணாகவில்லை, அம்மா. ஒலித் தடத்திலிருந்து மட்டும் 40 நொடிகளை வெட்டியிருந்தால், அதற்குப் பின்னால் உள்ள ஒலி முழுவதும் 40 நொடி முன்னே வந்திருக்கும். லேபிள் தடமோ இருந்த இடத்திலேயே நின்றிருக்கும். வெட்டியதைப் பின்வாங்க (அன்டூ செய்ய) இன்னும் இயலுமானால் பின்வாங்கி, டிராக்ஸ் மெனுவில் உள்ள சிங்க்-லாக் என்பதை இயக்கிவிட்டு மறுபடியும் வெட்டுங்கள். அதன்பின் ஒலியோடு லேபிள்களும் சேர்ந்து நகரும். கோப்பை மூடிவிட்டதால் பின்வாங்க இயலாதெனில், முதலில் எடுத்த மூலப் பதிவைத் திறந்து, லேபிள்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். அவை சரியாகப் பொருந்தும்.

ஆனால் இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மூலப் பதிவை வெட்டவே வேண்டாம். மூத்தவர்களின் பேச்சில் இருமலும், சொல்லத் தயங்கி நின்ற மௌனமும், பின்னணியில் கேட்கும் அலையோசையும் அந்தப் பேச்சின் பகுதிகளே. இன்று தேவையற்றது என்று வெட்டுவதை நாளை உங்கள் பேரப்பிள்ளை கேட்க விரும்பலாம். மூலத்தை அப்படியே வைத்து, அதற்கு மட்டும் குறியிடுங்கள். பிறர் கேட்பதற்கான சுருக்கம் வேண்டுமானால், படியெடுத்துக்கொண்டு அந்தப் படியை வெட்டுங்கள். எரிச்சலூட்டும் இடங்களைக்கூட வெட்டாமல், 'வாகன ஒலி' என்று நீளக் குறியிட்டுவிட்டால், தாண்டிச் செல்ல வேண்டியவர் தாண்டிச் செல்வார்.

கேள்வி: லேபிள் இட்ட பதிவை எம்.பி.3 ஆக மாற்றி நண்பருக்கு அனுப்பினேன். அவருக்கு ஒரு லேபிளும் தெரியவில்லை என்கிறார். ஏன்?
– மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவர்

பதில்: ஆடாசிட்டியில் இடும் லேபிள்கள் அதன் திட்டக் கோப்பில், அதாவது 3.0 பதிப்பு முதல் ஏ.யு.பி.3 என்று முடியும் ஒற்றைக் கோப்பில், வாழ்கின்றன. நீங்கள் அனுப்பியது ஒலியை மட்டும்தான். நானும் ஒரு முறை எம்.பி.3 கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டுத் திட்டக் கோப்பை அழித்து, இரண்டு வாரத்து உழைப்பை இழந்திருக்கிறேன். ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்: லேபிள்களைத் தனியே எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஒலிக் கோப்பின் பெயரையே அதற்கும் இட்டு, இரண்டையும் ஒன்றாக வைத்திருங்கள். அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் தொடக்க நேரம், முடிவு நேரம், பெயர் ஆகிய மூன்றும் டேப் இடைவெளியால் பிரிக்கப்பட்டிருக்கும். நேரம் நொடிகளில் இருக்கும். 1 மணி 23 நிமிடம் 45 நொடியில் தொடங்கும் அவையடக்கம், 5025.000000 என்று இரு முறை எழுதப்பட்டு, பக்கத்தில் தன் பெயருடன் நிற்கும். இதை நோட்பேடில் திறந்து திருத்தி, தமிழ் எழுத்துகள் சிதையாதிருக்க யு.டி.எஃப்-8 என்னும் எழுத்து வடிவில் சேமித்து, மீண்டும் ஆடாசிட்டிக்குள் கொண்டுவரலாம். உங்கள் நண்பர் ஆடாசிட்டி வைத்திருந்தால், எம்.பி.3 கோப்பைத் திறந்து இந்த எழுத்துக் கோப்பையும் இறக்குமதி செய்துகொள்ளட்டும். மென்பொருளே இல்லாதவர்கூட அதைப் படித்து, 60 ஆல் வகுத்து, நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

குறிகளின்படி பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யவும் ஆடாசிட்டியில் இயலும். அப்போது லேபிளின் பெயரே கோப்பின் பெயராகும் என்பதால், பெயர்களில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி ஆகியவற்றைத் தவிருங்கள். விண்டோஸ் அவற்றை ஏற்காது.

கேள்வி: கைப்பேசியில் பதிவு செய்யும்போதே குறியிட முடியுமா?
– நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கையடக்கப் பதிவுக் கருவிகள் சிலவற்றில் அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. கைப்பேசியில் அந்த வசதி இல்லையென்றால், முக்கியமான இடம் முடிந்தவுடன் ஒலிவாங்கிக்கு அருகில் இரண்டு முறை கைதட்டுங்கள். அலைவடிவத்தில் அது இரண்டு முட்களாக எழுந்து நிற்கும். கோயிலிலோ ஒருவர் பேசும்போதோ கைதட்டுவது முறையன்று. அங்கே பதிவு தொடங்கிய மணியைக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு ஒவ்வொரு கட்டம் தொடங்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். இரவு 10.40-க்குத் தொடங்கிய பதிவில் 12.15-க்கு நாட்டுவளம் என்றால், 1 மணி 35 நிமிடத்தில் சென்று பார்த்தால் போதும். இடையில் பதிவை நிறுத்தித் தொடங்கினால் அந்த நேரத்தையும் எழுத வேண்டும்; இல்லையேல் அதற்குப் பின்வரும் கணக்கு முழுவதும் தவறிவிடும்.