பெப்டைடு செல்லுக்குள் வேலை செய்யவில்லையா?

எச்ஐவி புரோட்டியேஸை (வைரஸின் புரதங்களை வெட்டும் நொதி) சோதனைக்குழாயில் நன்றாகத் தடுக்கும் உங்கள் ஏழு அமினோ அமிலப் பெப்டைடு, செல்லில் பலன் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அமினோ அமில வரிசையை இனி மாற்ற வேண்டாம், சிக்கல் வேறு இடத்தில். ஃபினைல்அலனினுக்கும் புரோலினுக்கும் நடுவே சாதாரணப் பிணைப்பையே விட்டிருக்கிறீர்கள். நொதி அதை வெட்டிக்கொண்டிருக்கும்போதும் தடுப்பதுபோலத்தான் தெரியும். நொதியுடன் சில மணி நேரம் வைத்து, துண்டுகள் வருகின்றனவா என்று மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) பாருங்கள். வந்தால், அந்தப் பிணைப்பின் இடத்தில், அதைப்போலவே பொருந்தும் ஹைட்ராக்ஸிஎத்திலமீன் அமைப்பை வையுங்கள். அதன் ஹைட்ராக்சில் (OH), நொதியின் இரண்டு சங்கிலிகளிலும் வெட்டும் வேலையைச் செய்யும் 25-ஆவது ஆஸ்பார்டிக் அமிலங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடும், நொதியால் வெட்ட முடியாது. 1995-இல் அனுமதி பெற்ற எச்ஐவி மருந்தான சாக்வினாவிர் இந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் நீளம். ஏழு என்பது செல்சவ்வைத் தாண்ட மிக அதிகம். முனைகளை மூடி மின்சுமையை நீக்குங்கள், நீளத்தையும் பாதியாக்குங்கள். பிணைப்பு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.